ஒன்பது முழம்

போன மாதம் தெம்பனிஸ் ஈரச்சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். கைப்பேசி கூவியது. என் பழைய அலுவலகத்திலிருந்து பிரியா குரல் செய்தி அனுப்பியிருந்தாள்.

"ஜெயாக்கா, ஸாரி லா, டிஸ்டர்ப் பண்றேன். ஒரு பழைய பிளான் வந்திருக்கு. நம்பர் பக்கத்துல எல்-கே-எஸ்னு போட்டிருக்கு. நாங்க எல்லாரும் பார்த்துட்டோம். லைக்ஸ்னு சொல்றான் ஒருத்தன். அந்தக் காலத்துலயே லைக்ஸ் இருந்துச்சா?"

மீன் கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்க்கும் அளவுக்குச் சிரித்துவிட்டேன். அது லிங்க்ஸ், பிரியா. பிரிட்டிஷ்காரர் காலத்தில் நிலம் அளந்த இரும்புச் சங்கிலியின் ஒரு கண்ணி. நூறு லிங்க் சேர்ந்தால் ஒரு செயின். ஒரு செயின் என்றால் அறுபத்தாறு அடி. ஒரு லிங்க் என்றால் ஏழு புள்ளி ஒன்பது இரண்டு அங்குலம். இன்றைய கணக்கில் இருபது சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூட. இதைச் சந்தையில் நின்றபடியே பதில் செய்தியாகச் சொல்லி அனுப்பினேன். உடனே அடுத்த செய்தி வந்தது: "அக்கா, இந்த மாதிரி கதையெல்லாம் எழுதிக் கொடுங்க. லன்ச்சுக்குக் கூப்பிட்டுப் பேசச் சொன்னா நீங்க சாப்பாட்டைப் பத்தியே பேசுவீங்க."

அது உண்மைதான். அதனால் எழுதுகிறேன்.

நான் ஒரு நில அளவை அலுவலகத்தில் படம் வரைபவளாகச் சேர்ந்து, கணக்கு பார்ப்பவளாக மாறி, அங்கேயே நாற்பது வருஷத்துக்கு மேல் வேலை செய்து ஓய்வு பெற்றவள். தொழிற்பள்ளியில் இரண்டு வருஷம் வரைகலை படித்தேன். பேனா பிடிக்கவும் கோடு ஒரே தடிப்பில் இழுக்கவும் அங்கே கற்றுக்கொண்டேன். மற்றதெல்லாம் அலுவலகத்தில்தான். சைனாடவுனில் சவுத் பிரிட்ஜ் சாலையில் ஒரு கடைவீட்டின் இரண்டாம் மாடி. காலையில் மாரியம்மன் கோவில் மணி கேட்கும்போது நான் படியேறிக்கொண்டிருந்தால் சரியான நேரம். படியில் இல்லையென்றால் தாமதம்.

அது நாடு மீட்டருக்கு மாறிக்கொண்டிருந்த காலம். புதிய படங்கள் எல்லாம் மீட்டரில். ஆனால் அவற்றுக்கு ஆதாரமாக இருந்த பழைய படங்களில் செயின், லிங்க், அடி, அங்குலம், பதினாறரை அடி நீளமுள்ள 'போல்' என்று ஆளுக்கொரு அளவு. சில மலாய்ப் பத்திரங்களில் 'டெப்பா' என்று ஒன்று வரும். இரண்டு கையையும் விரித்தால் வரும் நீளம், ஆறு அடி. இதையெல்லாம் மீட்டருக்குக் கொண்டுவருவதுதான் என் வேலை. பேருந்தில் போகும்போது உதட்டுக்குள் ஒப்பித்துக்கொண்டே போவேன். ஒரு அடி பூஜ்யம் புள்ளி மூன்று பூஜ்யம் நான்கு எட்டு. ஒரு லிங்க் பூஜ்யம் புள்ளி இரண்டு பூஜ்யம் ஒன்று ஒன்று ஆறு எட்டு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு மாமி ஒருநாள், "எந்த சுவாமி மந்திரம்மா இது?" என்று கேட்டார்.

அலுவலகத்தின் முதலாளியும் பதிவுபெற்ற அளவையாளரும் மிஸ்டர் தியோ. ஒல்லியான மனிதர். அரைக்கைச் சட்டை, பையில் மூன்று பென்சில்கள், மூன்றும் வீட்டிலேயே சீவிக் கொண்டுவந்தவை. குரலை உயர்த்தியதே கிடையாது. தப்பு இருக்கும் தாளை நம் மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவார். அவ்வளவுதான். கவிழ்ந்த தாளைப் பார்த்தாலே கணக்கை முதலிலிருந்து போட உட்கார்ந்துவிடுவோம். அவர் பேசியது ஆங்கிலமும் மலாயும் கலந்த பேச்சு. என் நினைவில் எல்லாம் தமிழாகவே தங்கியிருக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

அவரிடம் வெறும் எண்ணோடு ஒரு தாளைக் கொண்டு நீட்டினால் போதும். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்பார்.

"முப்பத்தாறு. சரி. முப்பத்தாறு என்ன? முப்பத்தாறு முட்டையா?"

அளவு மாற்றுவதற்கு அவருக்கென்று ஒரு முறை இருந்தது. லிங்க்கை அடியாக்கி, அடியை மீட்டராக்க வேண்டும். நடுவில் எங்கேயும் தசமத்தைச் சுருக்கக் கூடாது, கடைசி வரியில்தான் சுருக்கலாம். பிறகு அந்த மீட்டரை வேறொருவர் எடுத்துக்கொண்டு தலைகீழாகப் போய் லிங்க்குக்கு வர வேண்டும். கிளம்பிய எண்ணும் வந்துசேர்ந்த எண்ணும் ஒன்றாக இருந்தால்தான் கையெழுத்து. ஒரே ஆள் இரண்டையும் செய்யக் கூடாது. "உன் தப்பு உனக்குப் பழகிப்போயிருக்கும்" என்பார். பழைய எண்ணை ரப்பரால் அழிக்கவும் விடமாட்டார். அதன்மேல் மெல்லிய ஒற்றைக் கோடு, பக்கத்தில் புதிய எண். "அந்த எண்ணுக்காக ஒருத்தன் வெயில்ல நின்னிருக்கான். அவனை ஏன் அழிக்கிற?"

சேர்ந்து நாலாவது மாதத்தில் என் மேசையில் முதல் கவிழ்ந்த தாள் விழுந்தது. காத்தோங்கில் ஒரு வீட்டு மனை. முகப்பு அகலம் அறுபது என்று இருந்தது. அதற்கு முன் பார்த்த பத்துப் படங்களும் அடியில் இருந்ததால் இதையும் அடி என்று எடுத்து, பதினெட்டு புள்ளி இரண்டு ஒன்பது மீட்டர் என்று எழுதியிருந்தேன். தலைகீழாகப் போட்டுப் பார்த்தவரும் அடி என்றே எடுத்ததால் கணக்கு அழகாகத் திரும்பி வந்தது. மிஸ்டர் தியோ திட்டவில்லை. ஒரு டேப்பை என் கையில் கொடுத்து, "போய் உன் பதினெட்டு மீட்டரைத் தரையில வச்சுப் பார்த்துட்டு வா" என்றார்.

போனேன். வீட்டின் ஒரு மூலையில் டேப்பின் கொக்கியை மாட்டிவிட்டு நடந்தேன். பன்னிரண்டு மீட்டரில் வேலி வந்துவிட்டது. என் கணக்கோ இன்னும் ஆறு மீட்டர் கேட்டது. பக்கத்து வீட்டு அம்மாள், சீனமும் மலாயும் கலந்த பெரனாக்கான் குடும்பத்தவர், வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் என்னை உள்ளே கூப்பிட்டார். டேப்பைப் பிடித்துக்கொண்டு போனால் பதினெட்டு மீட்டர் அவர் சமையலறையைத் தாண்டி, பாத்திரம் கழுவும் தொட்டியில் போய் முடிந்தது.

"அப்போ இது இனிமே உங்க கிச்சனா?" என்று கேட்டார். "சந்தோஷம். பாத்திரம் நிறைய கிடக்கு."

அன்றைக்கு அவர் கொடுத்த ஓண்டே-ஓண்டேயை, தேங்காய்ப்பூவில் புரட்டிய வெல்ல உருண்டையை, தின்றுகொண்டே பேருந்தில் திரும்பினேன். அறுபது லிங்க் பன்னிரண்டு புள்ளி பூஜ்யம் ஏழு மீட்டர். சாகும்வரை மறக்க மாட்டேன்.

இனி லிட்டில் இந்தியா கதைக்கு வருகிறேன். அப்போது நான் சேர்ந்து இருபது வருஷம் ஆகியிருந்தது. மிஸ்டர் தியோவுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது, பென்சில்கள் மட்டும் அதே மூன்று.

சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், ஒட்டினாற்போல் இரண்டு கடைவீடுகள். இடது பக்கம் சரோஜா அம்மாவின் வீடு. கீழே ஆர்மோனியம், தபலா பழுதுபார்க்கும் கடை, அதன் பின்னால் முற்றத்தில் நீட்டிக் கட்டிய சமையலறை, மேலே குடியிருப்பு. கடையை நடத்தியவர் அவர் கணவர் மணியம். வலது பக்கம் ஹாஜா பாயின் மிளகாய், மல்லி அரைக்கும் மில். அவரும் அவருடைய அக்கா சுலைகாவும் மேலே குடியிருந்தார்கள். இரண்டு குடும்பத்தின் பாட்டன்மார்களும் கூட்டாகச் சேர்ந்து அந்த இடத்தை வாங்கி, பிறகு சுமுகமாகப் பிரித்துக்கொண்டவர்கள். இரண்டு வீட்டுக்கும் பின்னால் ஒரே முற்றம். நடுவில் வேலியும் இல்லை, சுவரும் இல்லை. தேவைப்படவும் இல்லை.

மணியத்துக்குப் பக்கவாதம் வந்தது. உயிர் பிழைத்தார், பேச்சு திரும்பியது, இடது கைகூடத் திரும்பியது. கால் திரும்பவில்லை. அந்தக் காலத்துக் கடைவீட்டுப் படி, செங்குத்தாக இருக்கும். ஒருவரைத் தூக்கிக்கொண்டு இறங்குவது ஆபத்து. மருத்துவமனைக்குப் போகும் நாளில் மட்டும் ஆம்புலன்ஸ்காரர்கள் தூக்கிப் போவார்கள். மற்றபடி இரண்டு வருஷமாக அவர் மேலேயே இருந்தார். கீழே யாராவது ஆர்மோனியத்தைத் தட்டிப் பார்த்தால் ஜன்னலில் இருந்து கத்துவாராம்: "மூணாவது கட்டை இழுக்குது! காத்துப் பையைப் பாரு!"

சரோஜா அம்மா முற்றத்தில் ஒரு சின்ன லிஃப்ட் வைக்க முடிவு செய்தார். வீட்டின் பின்பகுதியை ஒட்டி ஒரு மீட்டர் நாற்பது சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு கூண்டு. மேல் மாடி ஜன்னலை இடித்துக் கதவாக்கினால் போதும். இருந்த ஒரே இடம், சமையலறை முடியும் இடத்திலிருந்து வலது பக்கமாகத்தான்.

அங்கேதான் ஹாஜா பாய் தடுத்தார்.

"அக்கா, அது எங்க இடம். பாட்டன் பத்திரத்துல இருக்கு. உங்க பக்கத்துச் சுவர்லேர்ந்து ஒன்பது அடிதான் உங்களுக்கு. அது உங்க சமையலறையோட முடிஞ்சுபோச்சு."

அவரும் அந்த இடத்தில் புதிதாக ஒரு பெரிய அரவை மெஷின் வைக்கத் திட்டமிட்டு, முன்பதிவும் செய்துவிட்டிருந்தார். முதலில் பேச்சு, பிறகு சத்தம், பிறகு வழக்கறிஞர் கடிதம். சுலைகாவும் சரோஜாவும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். ஒரு வருஷமாக அவர்களும் பேசிக்கொள்ளவில்லை. கடைசியில் இரண்டு பக்கமும் ஒரே அளவையாளரை ஏற்பதென்று முடிவாகி, பத்திரத்தின் நகல் எங்கள் அலுவலகத்துக்கு வந்தது.

அந்தப் பத்திரத்தோடு கையால் வரைந்த ஒரு படம். கடைவீட்டின் அகலம் இருபத்து நான்கரை என்று கறுப்பு மையில், அச்சு போல ஒழுங்காக எழுதியிருந்தது. பக்கத்தில் எல்-கே-எஸ். லிங்க். மாற்றினால் நான்கு புள்ளி ஒன்பது மூன்று மீட்டர், நேரில் அளந்தாலும் அதேதான். முற்றத்தில் மட்டும் இடப்பக்கச் சுவரிலிருந்து ஒரு கோடு போட்டு 9 என்று எழுதியிருந்தது. கிணறு என்று ஒரு வட்டம். அதிலிருந்து பின்சுவர் வரை 6. இந்த இரண்டு எண்களுக்கும் பின்னால் ஏதோ கிறுக்கல்.

மொத்தப் படமும் லிங்க்கில் இருப்பதால் ஒன்பதையும் லிங்க் என்று எடுத்தேன். ஒன்று புள்ளி எட்டு ஒன்று மீட்டர் வந்தது. ஹாஜா பாய் சொன்ன ஒன்பது அடியாவது இரண்டே முக்கால் மீட்டர். லிங்க் என்றால் சரோஜா அம்மாவுக்கு லிஃப்ட் இருக்கட்டும், சமையலறையில் மூன்றில் ஒரு பங்கே போய்விடும். இரண்டு முறை சரிபார்த்தேன். தலைகீழாகவும் போட்டுப் பார்க்கச் சொன்னேன். திரும்பி வந்தது. கனத்த மனசோடு மிஸ்டர் தியோவிடம் கொண்டுபோனேன்.

அவர் படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பிடித்தார். இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார்.

"ஜெயா, இந்த ஒன்பது என்ன?"

"லிங்க், சார்."

"யார் சொன்னது?"

"படத்துல மத்ததெல்லாம்…"

"மத்தது கறுப்பு மை. இது பழுப்பு. மத்ததை எழுதினவன் ஒன்பதுக்கு வால் நேரா விடறான். இவன் சுருட்டி விடறான். இது வேற ஆள். வேற நாள். அளவையாளர் படம் போட்டுக் கொடுத்துட்டுப் போன பிறகு, முற்றத்தை அவங்களே அளந்து எழுதிக்கிட்டிருக்காங்க." கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ ஒன்பது என்ன?"

அப்போதுதான் அந்தக் கிறுக்கலை ஒழுங்காகப் பார்த்தேன். அது கிறுக்கல் இல்லை, எழுத்து. அரபு எழுத்து. என் பக்கத்து மேசையில் இருந்த ஒஸ்மானுக்கு ஜாவி, அதாவது அரபு எழுத்தில் எழுதும் மலாய், நன்றாகப் படிக்க வரும். அவர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார்.

"முதல்ல 'மு'. கடைசியில 'ம்'. நடுவுல இருக்கறது எங்க எழுத்தே இல்லை, ஜெயா. நாங்க இப்படிப் புள்ளி வைக்க மாட்டோம். மலாய்ல இப்படி ஒரு வார்த்தை கிடையாது."

'மு', நடுவில் மலாய்க்காரருக்கும் அரபுக்காரருக்கும் இல்லாத ஓர் எழுத்து, 'ம்'. தமிழின் 'ழ' நினைவுக்கு வந்தது. ஹாஜா பாயின் பாட்டன் கீழக்கரைப் பக்கத்துக்காரர். அந்தக் காலத்தில் அவர்கள் தமிழையே அரபு எழுத்தில் எழுதுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். படித்துச் சொல்லத்தான் ஆள் வேண்டும். விசாரித்தால், அந்தச் சந்தில் அரபுத் தமிழ் படிக்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான் என்று தெரிந்தது. ஹாஜா பாயின் அக்கா சுலைகா. சின்ன வயதில் அவர் ஓதப்போன வீட்டில் கற்றுக்கொடுத்திருந்தார்கள்.

மறுநாள் காலை முற்றத்தில் எல்லாரையும் கூட்டினார் மிஸ்டர் தியோ. இரண்டு வீட்டாரும் வந்து நின்றால்தான் கருவியைப் பெட்டியிலிருந்தே எடுப்பார், அது அவர் வழக்கம். சரோஜா அம்மா வீட்டிலிருந்து தேநீர் வந்தது. குடித்தார். சுலைகா அக்கா வீட்டிலிருந்தும் வந்தது. அதையும் கடைசிச் சொட்டுவரை குடித்தார். பிறகு என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

நான் படத்தைச் சுலைகா அக்காவிடம் நீட்டினேன். நான் எதையும் சொல்லக் கூடாது என்பது மிஸ்டர் தியோவின் உத்தரவு. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைத் தூக்கிப் பிடித்தார். உதடு அசைந்தது.

"இது எங்க வாப்பாவோட வாப்பா கையெழுத்துல்ல? இங்க பாரு ஹாஜா, எப்படிச் சுழிச்சிருக்காங்க." பிறகு சத்தமாகப் படித்தார். "ஒன்பது முழம். கீழ, கிணத்துக்கல்லுலேர்ந்து ஆறு முழம்."

ஒரு முழம் ஒன்றரை அடி. ஒன்பது முழம் என்றால் பதின்மூன்றரை அடி. ஹாஜா பாய்க்குக் கணக்குப் போட என் உதவி தேவைப்படவில்லை. அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்தது.

"லாத்தா," என்றார் மெதுவாக. அவர்கள் வீட்டில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "நல்லாப் பார்த்தீங்களா?"

"எழுதியிருக்கறதைத்தானே தம்பி படிக்க முடியும்? மெஷினுக்காக எழுத்தை மாத்தியா படிப்பேன்?"

ஹாஜா பாய் மில்லுக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. சரோஜா அம்மா சுலைகாவை ஒரு தடவை பார்த்துவிட்டு, தேநீர்க் கோப்பைகளை எடுத்து அடுக்கினார். அன்றைக்கு வேலை அதோடு நின்றது.

மிஸ்டர் தியோ திருப்தியடையவில்லை. சொந்தக் குடும்பத்துக்கு எதிராகப் படித்தவர் பொய் சொல்ல மாட்டார் என்று நான் வாதாடினேன். "பொய் வேற, தப்பு வேற. இதையும் தலைகீழாப் போட்டுப் பார்க்கணும்" என்றார். ஜூரோங்கில் ஒரு முதியவர் அரபுத் தமிழ் படிப்பார் என்று ஒஸ்மான் தேடிப் பிடித்தார். பிளாக்கின் ஏழாவது மாடியில் அவர் வீட்டுக்கே போய், வழக்கு என்னவென்று சொல்லாமல், அந்த இரண்டு வரியை மட்டும் காட்டினேன். அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "முழம்" என்றார். "என்னம்மா, பூ வியாபாரமா?"

அதற்கு மறுநாள் நாங்கள் போனபோது ஹாஜா பாய் முற்றத்தில் எங்களுக்கு முன்னமே நின்றிருந்தார். இரவெல்லாம் யோசித்த முகம். ஆனால் குரல் தெளிவாக இருந்தது.

"முழம்னு எழுதியிருந்தா முழம்தான், மிஸ்டர் தியோ. வழக்கறிஞர்கிட்டயும் சொல்லிட்டேன். அளங்க."

"அளக்கலாம். ஆனா யார் முழம்?" என்றார் மிஸ்டர் தியோ.

அது நியாயமான கேள்வி. முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரைதான் முழம். புத்தகத்தில் பதினெட்டு அங்குலம் என்று இருக்கும். ஆனால் அந்த முற்றத்தை அளந்தவர் புத்தகத்தைப் பார்த்தா அளந்திருப்பார்? ஹாஜா பாய் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வந்து கையை நீட்டினார். டேப்பை வைத்துப் பார்த்தேன், பத்தொன்பதரை அங்குலம். சரோஜா அம்மா, "அப்போ ஹாஜா கையாலயே அளங்க, எனக்கு இன்னும் ஒரு அடி கூட வரும்" என்றார். அவர் கையை அளந்தேன், பதினாறே முக்கால். "அப்போ அக்கா கையால அளங்க" என்றார் ஹாஜா பாய். மிஸ்டர் தியோவும் கையை நீட்டினார், பதினாறரை. "என் கை வேண்டாம். ரெண்டு பேருக்கும் நஷ்டம்."

மேலே ஜன்னலில் இருந்து மணியத்தின் குரல் வந்தது. "ஏய், என் கையையும் அளங்கப்பா! நான் மட்டும் என்ன பாவம் பண்ணினேன்?"

முதலில் சிரித்தது சுலைகா அக்கா. பிறகு சரோஜா அம்மா. சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார் ஹாஜா பாய், முடியவில்லை. ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்த முற்றத்தில் கேட்ட சிரிப்பு அது என்று பிறகு மணியம் என்னிடம் சொன்னார்.

சிரித்து முடித்ததும் மிஸ்டர் தியோ படத்தைத் தொட்டுக் காட்டினார். "இன்னொரு எண் இருக்கே. அதே ஆள், அதே மை, அதே நாள். கிணத்துக்கல்லுலேர்ந்து பின்சுவர் வரைக்கும் ஆறு முழம். கல்லைக் கண்டுபிடிச்சா, அந்தக் கை எவ்வளவு நீளம்னு நிலமே சொல்லிடும்."

கிணற்றை மூடிப் பல வருஷம் ஆகியிருந்தது. மேலே சிமெண்ட் தளம். ஹாஜா பாயின் ஆட்கள் இருவர் உளியும் சுத்தியலுமாக வந்து, அவர் காட்டிய இடத்தில் உடைத்தார்கள். இல்லை. இன்னும் ஒரு அடி தள்ளி உடைத்தார்கள். அப்போது உளி வேறு மாதிரி ஒலித்தது. ஹாஜா பாய் முழங்காலில் உட்கார்ந்து கையாலேயே மண்ணை ஒதுக்கினார். கருங்கல், வளைவாக, வாளிக் கயிறு இழுத்து இழுத்து வழுவழுப்பான ஓரம். அவர் அதைத் தடவிக்கொண்டே இருந்தார். நாங்களும் அவசரப்படுத்தவில்லை.

கல்லிலிருந்து பின்சுவர் வரை மூன்று தடவை அளந்தோம். மூன்று தடவையும் ஒன்பது அடி ஒன்றரை அங்குலம். நூற்றொன்பதரை அங்குலத்தை ஆறால் வகுத்தால் பதினெட்டே கால். அந்தப் பாட்டனின் முழம் அதுதான், மீட்டரில் பூஜ்யம் புள்ளி நான்கு ஆறு மூன்று ஐந்து ஐந்து. ஒன்பதால் பெருக்கினேன், நான்கு புள்ளி ஒன்று ஏழு இரண்டு மீட்டர். ஒஸ்மான் தலைகீழாகப் போட்டார். ஒன்பது முழம் சரியாகத் திரும்பி வந்தது.

இதிலிருந்து ஹாஜா பாய் சொன்ன ஒன்பது அடியைக் கழித்தால் சரோஜா அம்மாவுக்குக் கூடுதலாகக் கிடைத்தது ஒரு மீட்டர் நாற்பத்திரண்டு சென்டிமீட்டரும் சில்லறையும். லிஃப்ட் கூண்டுக்கு வேண்டியது ஒரு மீட்டர் நாற்பது. மிச்சம் இருபத்தெட்டு மில்லிமீட்டர். எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது. மிஸ்டர் தியோ பக்கத்தில் நின்றதால் குதிக்கவில்லை.

அதே சமயம், தன் வீட்டு அகலத்துக்கு முற்றம் முழுக்கத் தன்னுடையது என்று சரோஜா அம்மா வழக்கறிஞர் கடிதத்தில் சொல்லி வந்ததும் சரியில்லை என்றானது. அவர் வீட்டுக்குப் பின்னால், வலது ஓரத்தில், இரண்டரை அடி அகலத்துக்கு ஒரு துண்டு ஹாஜா பாய் குடும்பத்துடையது. கிணற்றைச் சுற்றி வாளியோடு நடக்க விட்ட வழி. அந்த இரண்டரை அடியில் அரவை மெஷின் வைக்க முடியாது. ஹாஜா பாய் அந்த இடத்தில் நடந்து பார்த்தார்.

"சரி. பழைய மெஷினைத் திருப்பிப் போட்டா உள்ளேயே இடம் வரும். நானும் சோம்பேறித்தனமாத்தான் இருந்துட்டேன்" என்றார்.

அவ்வளவில் முடிந்திருக்க வேண்டும். ஆனால் இறுதிப் படத்தை வரைய உட்கார்ந்தபோதுதான் என் கண்ணில் பட்டது. லிஃப்ட் கூண்டின் ஒரு பக்கம் சமையலறைச் சுவர், இன்னொரு பக்கம் கழிவுநீர்க் குழாய், மூன்றாவது பக்கம் படிக்கட்டு. கதவு திறக்க மீதியிருந்தது ஒரே பக்கம். அது ஹாஜா பாயின் இரண்டரை அடி. மணியம் கீழே வரலாம், ஆனால் லிஃப்டை விட்டு வெளியே வர முடியாது. நாலு பேரின் ஒரு வருஷச் சண்டையையும் ஒரு முழத்தையும் தீர்த்துவிட்டு, கதவை மறந்திருந்தோம்.

நானே போய்ச் சொல்கிறேன் என்று மிஸ்டர் தியோவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். மில் வாசலில் ஹாஜா பாய் மல்லி மூட்டையைத் தைத்துக்கொண்டிருந்தார். படத்தைக் காட்டி, எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சுற்றி வளைத்தேன். அவர் ஊசியை மூட்டையில் குத்திவிட்டுக் கேட்டார்.

"வீல்சேர் எவ்வளவு அகலம்?"

"அறுபத்திரண்டு சென்டிமீட்டர்."

"என் வழி எவ்வளவு?"

"எழுபத்தஞ்சே முக்கால்."

"அப்போ போகும்ல. கதவு என் பக்கம் திறந்தா என் நிலம் தேஞ்சா போயிடும்? எழுதிக்கங்க, எங்க காலத்துக்கும் எங்களுக்குப் பின்னாடியும்."

அந்த வழியுரிமையை எழுதி, இரண்டு குடும்பமும் கையெழுத்துப் போட்டன. படத்தின் கீழே மிஸ்டர் தியோ தன் கையால் ஒரு குறிப்பு எழுதினார்: ஒரு முழம் என்பது 0.46355 மீட்டர், இந்த மனைக்கு மட்டும். எத்தனையோ ஆயிரம் படங்களில் வேலை செய்திருக்கிறேன். 'இந்த மனைக்கு மட்டும்' என்று ஓர் அளவு இருந்தது அந்த ஒரு படத்தில்தான்.

ஆறு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை லிஃப்டைத் திறந்தார்கள். எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். மிஸ்டர் தியோ அன்றைக்கும் பென்சில்களோடுதான் வந்தார். கூண்டு கீழே வந்து நின்று, கதவு ஹாஜா பாயின் பக்கமாகத் திறந்தது. புதுச் சட்டையில், விபூதியோடு, மடியில் ஒரு ஸ்குரூ டிரைவரோடு மணியம் உட்கார்ந்திருந்தார். கிணற்றுக்கு நடந்த வழியில் ஹாஜா பாயே வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்க் கடைக்குள் விட்டார். மணியம் நேராக மூலையில் இருந்த ஆர்மோனியத்தின் மூடியைக் கழற்றினார். "இரண்டு வருஷமாச் சொல்றேன், மூணாவது கட்டை, மூணாவது கட்டைன்னு. ஒருத்தன் கேக்கலை" என்று திட்டிக்கொண்டே சரி செய்யத் தொடங்கினார். அவர் திட்டத் திட்ட எல்லாருக்கும் கண் கலங்கியது. சரோஜா அம்மா மட்டும் அழவில்லை. "பசிக்குதா இல்லையா உங்களுக்கு?" என்று இரண்டு முறை கேட்டுப் பார்த்தார், அவர் திரும்பவே இல்லை.

பிறகு ஹாஜா பாய், அரசாங்க அடுக்குமாடி பிளாக்குகளில் மிளகாய்த்தூள் கொண்டு கொடுக்கத் தினமும் லிஃப்ட் ஏறி இறங்கும் மனிதர், வாழ்நாளில் லிஃப்டையே பார்க்காதவர் போல, "அக்கா, நானும் ஒரு தடவை போய்ட்டு வரட்டா?" என்று கேட்டார். போனார், வந்தார். மிஸ்டர் தியோ போனார், வந்தார். நான் போனேன், வந்தேன். கடைசியில் சுலைகா அக்கா. முட்டி வலியால் அவர் சரோஜா அம்மா வீட்டு மாடிப்படி ஏறி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. சரோஜா அம்மா அவர் கையைப் பிடித்து உள்ளே ஏற்றி, தானும் ஏறிக்கொண்டு, கதவைச் சாத்தினார். லிஃப்ட் மேலே போனது.

வரவில்லை.

பிரியாணி தட்டுகளோடு நாங்கள் கீழே நின்றுகொண்டிருந்தோம். ஹாஜா பாய் பொத்தானை அழுத்தினார். மிஸ்டர் தியோ இன்னொரு முறை அழுத்தினார். மேலே வீட்டுக்குள்ளிருந்து தட்டுச் சத்தமும், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசும் சத்தமும் கேட்டன. கதவு தானாக மூடிவிடாதபடி நடுவில் எதையோ நிறுத்தி வைத்திருந்தார்கள்.

"லாத்தா! லிஃப்டை அனுப்புங்க!" என்று கத்தினார் ஹாஜா பாய்.

"இருடா வர்றேன், ஒரு வருஷப் பேச்சு பாக்கி இருக்கு!" என்று மேலேயிருந்து பதில் வந்தது.